கடலோரப் பிள்ளைகளுக்கு எழுதுவதும் தீவில் வழிகாட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கையின் திருகோணமலைக் கரையில் உள்ள நிலாவெளியில் பிறந்தவள். இப்போதும் அங்கேயே இருக்கிறேன். புறாமலைத் தீவுத் தேசியப் பூங்காவுக்கு வருகிற பாடசாலைக் குழுக்களுக்கு அங்குள்ள உயிர்களைக் காட்டி விளக்குவது என் வேலை. மீதி நேரத்தில் ஐந்து முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கு இயற்கைப் புத்தகங்கள் எழுதுகிறேன். பெற்றோர், ஆசிரியர்கள், இந்த வழியில் வர விரும்பும் இளையவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. சுருக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வழிகாட்டியா, எழுத்தாளரா?

வழிகாட்டிதான். ஒரு பிள்ளை கேட்ட கேள்வியிலிருந்துதான் முதல் புத்தகம் பிறந்தது. தரம் மூன்றில் படிக்கிற சிறுமி. தீவின் கரையில் கிடந்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து, "மிஸ், இது எலும்பா?" என்று கேட்டாள். அது முருகைக்கல், அதாவது செத்த பவளத்தின் துண்டு. புறாமலையின் கரையில் மணலைவிட அதுதான் அதிகம். நடந்தால் காலடியில் ஓட்டாஞ்சல்லி போலக் கலகலவென்று சத்தம் கேட்கும். எலும்பு என்று அவள் சொன்னதில் பிழையில்லை. கடலுக்கு அடியில் மிகச் சிறிய பிராணிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, தங்கள் உடம்பிலிருந்து சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய எலும்புக்கூடு அது. துண்டில் உள்ள ஊசித்துளைகளைக் காட்டி, "ஒவ்வொரு துளையிலும் ஒருவர் குடியிருந்தார்" என்றேன். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் பார்த்தாள். பிறகு, எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே திருப்பி வைத்தாள். அன்றிரவு வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினேன்.

புறாமலை எப்படிப்பட்ட இடம்?

நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் உள்ள தீவு. பெரியதும் சிறியதுமாக இரண்டு. பெரிய தீவே ஏறக்குறைய 200 மீற்றர் நீளம்தான். மாடப்புறாக்கள் அதன் பாறைகளில் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். நகரங்களில் கோபுரத்திலும் கூரையிலும் இருக்கும் புறாக்களின் மூதாதையர் இப்படிக் கடலோரப் பாறைகளில் வாழ்ந்தவர்கள்தான். ஆங்கிலேயர் காலத்தில் துப்பாக்கிப் பயிற்சிக்குப் பயன்பட்ட தீவு இது. 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசியப் பூங்காவானது. சுற்றியுள்ள கடலும் சேர்ந்ததுதான் பூங்கா. உண்மையில் பூங்காவின் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. 1998இல் கடல் சூடேறி இலங்கையின் மேற்கிலும் தெற்கிலும் பவளப்பாறைகள் வெளுத்துச் செத்தபோது, திருகோணமலைப் பக்கம் பெரிதும் தப்பிக்கொண்டது. தப்பியதைக் காலால் மிதித்து அழிக்கக்கூடாது என்பதுதான் எனக்குள்ள ஒரே பதற்றம்.

எந்த மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டி வரலாம்?

சித்திரை கழிந்து புரட்டாதி வரை. அப்போது கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். ஐப்பசி பிற்பாதியிலிருந்து வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கடல் கலங்கிவிடும். வள்ளம் போவதும் ஆபத்து. காலையிலேயே வாருங்கள். தொப்பி, முழுக்கைச் சட்டை, தண்ணீர்ப் போத்தல் போதும். சாப்பாட்டைக் கரையில் முடித்துவிட்டு வருவது நல்லது.

அங்கே சுறா இருக்கிறதாமே, கடிக்காதா?

இருக்கிறது. துடுப்பின் நுனியில் மையைத் தொட்டு வைத்தது போலக் கறுப்பாக இருக்கும் சுறா. வளர்ந்தது ஒரு மனிதரின் உயரத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஆழம் குறைந்த இடத்தில் சிறு மீன்களைத் தேடி அலையும்; ஆட்களைக் கண்டால் விலகிப் போய்விடும். குட்டிகள் முழங்காலளவு தண்ணீருக்குக்கூட வரும். மீனுக்கு இரை போட்டுச் சுறாவைக் கிட்ட வரவழைப்பவர்களைக் கண்டால் மட்டும் எனக்குக் கோபம் வரும். அந்தப் பழக்கம் சுறாவுக்கும் நல்லதல்ல, மனிதருக்கும் நல்லதல்ல.

பவளத்தை ஒருதரம் தொட்டுப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

தொடுகிற இடம் பிராணியின் தோல். அதன் மேலிருக்கும் வழுவழுப்பான படலம்தான் கிருமியிலிருந்து அதைக் காக்கிறது. கல் போலத் திரண்டிருக்கும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். என் உயரத்துக்கு நிற்கும் ஒரு பவளத்திட்டு என் பாட்டனின் பாட்டனைவிட மூத்ததாக இருக்கலாம். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் போதும், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். ஆழம் குறைந்த இடத்தில் களைத்துப்போய்ப் பவளத்தின் மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்கள் பெரியவர்கள்தான்.

புத்தகத்தில் உயிரினங்களுக்கு ஊர்ப்பெயர்களையே எழுதுகிறீர்கள். ஏன்?

இந்தக் கேள்விதான் எனக்கு மிக முக்கியம்.

எங்கள் அம்மப்பா கரைவலை இழுத்தவர். சிறுவயதில் வலை கரையேறும் நேரத்தில் நான் பக்கத்தில் நிற்பேன். மீனை மட்டுமல்ல, ஆமைகளையும் அவர் பெயர் பெயராகச் சொல்வார். பச்சையான பெரிய ஆமை பேராமை. கிளி மூக்குப் போல வளைந்த வாயும், ஓடு போட்டது போல அடுக்கடுக்கான முதுகும் உள்ளது அழுங்காமை. தலை பெருத்தது பெருந்தலை ஆமை. முதுகில் நீள வரிகளோடு கவிழ்த்த தோணி போல இருப்பது தோணி ஆமை. பங்குனி மாதத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது பங்குனி ஆமை. இலங்கைக் கரைகளில் முட்டையிடும் கடலாமைகள் ஐந்து வகை. அந்த ஐந்துக்கும் அவரிடம் பெயர் இருந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர்.

ஆனால் எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் போய்ச் சேரவில்லை. போர்க்காலத்தில் கடலுக்குப் போக நேரக்கட்டுப்பாடு, எல்லைக்கட்டுப்பாடு. பல குடும்பங்கள் இடம்பெயர்ந்து போயின. அது முடிவதற்குள் 2004 மார்கழி 26இல் கடல் ஊருக்குள் வந்தது. பிள்ளையை இழந்த வீடுகளில் பிறகு பிறந்த பிள்ளைகளைத் தாய்மார் கரைப்பக்கம் விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனால் அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் வளர்ந்தும் கடலைத் தெரியாத ஒரு தலைமுறை இப்படித்தான் உருவானது. அவர்களிடம் பென்குயினின் படத்தைக் காட்டினால் உடனே சொல்வார்கள். அழுங்காமையைக் காட்டினால் "ஆமை" என்பார்கள், அவ்வளவுதான்.

வெறும் "ஆமை" என்றால் எல்லாம் ஒன்றுதான். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்று தோன்றிவிடும். அழுங்காமை என்று தெரிந்தால்தான், அதன் ஓட்டுக்காகவே அதை உலகெங்கும் கொன்றார்கள் என்பது உறைக்கும். அந்த வளைந்த வாயால் பவளத்தின் இடுக்கில் உள்ள கடற்பஞ்சைக் கிள்ளித் தின்கிறது, அதனால் பவளத்துக்கு இடம் கிடைக்கிறது என்று சொன்னால் மனதில் தங்கும். அதனால்தான் ஒரு புத்தகம் எழுதுவதற்கு முன் முதியவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்கிறேன். மூதூரில் ஒரு பெயர், கிண்ணியாவில் வேறொரு பெயர் கிடைத்தால் இரண்டையும் போடுவேன். "இதில் எது சரி மிஸ்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டும் சரிதான்.

கதைக்கான கரு எங்கிருந்து கிடைக்கிறது?

குனிந்து பார்ப்பதிலிருந்து. எடுத்துக்காட்டாக, எங்கள் மணல்மேடுகளில் இராவணன் மீசை என்றொரு புல் வளர்கிறது. இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு உள்ள ஊரில் இராவணனுக்கு மீசையும் இருப்பது பொருத்தம்தானே. இலை ஊசி போல விறைப்பாக இருக்கும். செருப்பில்லாமல் போனால் குத்தும். அதன் பெண்செடியில் முள்ளுப்பந்து போல ஒரு காய்த்தலை வரும். முற்றியதும் காம்போடு முறிந்து விழும். ஒருநாள் காலை அப்படி ஒன்று என் காலடியில் வந்து நின்றது. காற்று வீசியதும் முட்களை மாறி மாறி ஊன்றி, கால்கள் உள்ள பிராணி போல ஓடத் தொடங்கியது. பின்னாலேயே போனேன். அலை நனைத்த மணலில் அது ஒட்டி நின்றபோது, வந்த வழியெல்லாம் மணலில் சிறு புள்ளிகள் வரிசையாக இருந்தன. இடையிடையே விதைத் துணுக்குகள் உதிர்ந்திருந்தன. தன் விதையைத் தானே நடந்து போய் விதைக்கிற செடி! இருபத்துநான்கு பக்கத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அதே மணலில் படர்கிற அடம்பன் கொடிக்கும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று பிள்ளைகள் எல்லோரும் பழமொழி மனப்பாடம் செய்திருக்கிறார்கள். கொடியைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர் என்று ஒரு வகுப்பில் கேட்டேன். நான்கு கைகள்தான் உயர்ந்தன. அதே பாடசாலையின் பின்மதிலுக்கு அப்பால் அது ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்தது.

விலங்குகளைப் பேச வைத்து எழுதலாமா?

எழுதலாம், நான் எழுதுவதில்லை. பேசத் தொடங்கியதும் நண்டு மனிதப் பிள்ளையாகி, நீதி சொல்லத் தொடங்கிவிடுகிறது. நண்டு வளை தோண்டும்போது மணலை எந்தக் காலால் அணைத்துக்கொண்டு வருகிறது, எத்தனை எட்டு நடந்து வீசுகிறது என்பதைச் சரியாக எழுதினால், அதைப் பேச வைக்கத் தேவையே இல்லை.

படங்களுக்கு ஓவியரை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

என்னோடு கரைக்கு வந்து ஒருநாள் முழுவதும் இருக்கச் சம்மதிப்பவரை. இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் இரண்டாவது புத்தகத்தில், "செண்பகம் வேலியில் வந்து இருந்தது" என்று ஒரு வரி. எங்கள் ஊரில் செண்பகம் என்றால் சிவந்த கண்ணும் செங்கல் நிறச் சிறகும் உள்ள கரிய பறவை. காலையில் 'ஊப் ஊப்' என்று பானைக்குள் இருந்து கூப்பிடுவது போலக் குரல் கொடுக்கும். புத்தகத்தை அச்சிட்டவர்கள் வெளியூரில் இருந்த ஓவியரிடம் வரியை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். அவர் வேலியில் ஒரு செண்பகப் பூவை வரைந்துவிட்டார். அழகான பூ. அச்சடித்து முடிந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. ஓவியர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை; அவருக்குப் பறவையைக் காட்டாமல் விட்டது எங்கள் தவறு. அத்தனை பிரதிகளிலும் அந்தப் பக்கத்தின் மேல் சரியான படத்தை ஒட்டிக் கொடுத்தேன். ஒட்டிய தாளைப் பிள்ளைகள் கிளப்பிப் பார்த்து, உள்ளே பூவும் வெளியே பறவையும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் என்பது அவர்களுக்குப் பெரும் அதிசயம்.

சோகமான உண்மைகளைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் கவனம்.

திருகோணமலைக் கோட்டைக்குள்ளும் நகரத்துக்குள்ளும் புள்ளிமான்கள் திரிவது எல்லோருக்கும் தெரியும். கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் அவை வந்து கையை முகரும். ஆசையாகத்தான் பிஸ்கட் கொடுக்கிறார்கள். அதைத் தொடர்ந்து வருவதுதான் கொடுமை. சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் சீற் என்ற மெல்லிய பொலித்தீன் தாளில் சோற்று வாசம் இருக்கும். மான் அதைத் தாளோடு விழுங்கிவிடும். மான் அசைபோடும் பிராணி. அதன் முதல் வயிறு தீனியை வைத்து ஊறவிடும் பெரிய பை. பொலித்தீன் அங்கே ஊறாது, கரையாது, கீழேயும் இறங்காது. நாளாக நாளாக உருண்டையாகிவிடும். வயிறு நிறைந்தது போல இருக்கும். மான் புல் தின்னாது. மெலிந்து மெலிந்து செத்துப்போகும். லஞ்ச் சீற்றுக்கு 2017இலேயே தடை வந்துவிட்டது. தடை வந்தும் குப்பைத்தொட்டிக்குள் மானின் முகம் இன்னும் தெரிகிறது.

இதை எழுதியபோது மான் சாவதை நான் படமாகப் போடவில்லை. மானின் வயிற்றை நான்கு அறை கொண்ட வீடாக வரையச் சொன்னேன். முதல் அறையின் கதவை ஒரு பொலித்தீன் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த பக்கத்தில் மான் புல்லின் முன்னால் நிற்கிறது, குனியவில்லை. பிள்ளைகள் அந்த இடத்தில் அமைதியாகிவிடுவார்கள். நானும் உடனே பக்கத்தைத் திருப்ப மாட்டேன்.

திமிங்கிலம் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். எங்கள் துறைமுகத்தின் வாயிலிலேயே கடலடி மிக ஆழமான பள்ளத்தாக்காக இறங்கிப்போகிறது. அதனால்தான் நீலத்திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு அருகில் வருகிறது. காலம் வாய்த்தால் கோணேசர் கோவில் இருக்கும் சுவாமி மலை உச்சியில் நின்றே அது மூச்சு விடும் நீர்த்தூணைப் பார்க்கலாம்.

வகுப்பறையில் அதன் அளவைச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. அதனால் மைதானத்தில் தரம் மூன்றுப் பிள்ளைகள் இருபது பேரைத் தலைக்கும் காலுக்கும் இடைவெளி இல்லாமல் வரிசையாகப் படுக்கச் சொல்வேன். ஆளுக்கு 1.2 மீற்றர் என்றால் 24 மீற்றர். வளர்ந்த நீலத்திமிங்கிலம் ஒன்று கிட்டத்தட்ட அவ்வளவு. பிறகு ஒரு பிடி கூனியைக் கையில் கொட்டிக் காட்டுவேன், வீட்டில் சம்பலுக்குப் போடும் அதே காய்ந்த கூனி. இலங்கைக் கடலில் நீலத்திமிங்கிலத்தின் முக்கிய உணவு கூனியின் உறவான சின்னஞ்சிறு இறால்கள்தான். படுத்திருக்கும் பிள்ளைகள் தலையைத் தூக்கிக் கூனியைப் பார்ப்பார்கள், பிறகு வரிசையின் கடைசியைப் பார்ப்பார்கள்.

கடலுக்குக் கூட்டி வர வசதி இல்லாத பாடசாலைகள் என்ன செய்யலாம்?

கடல்தான் வேண்டும் என்பதில்லை. களப்பு ஓரம் இருந்தால் கண்டல் மரம் இருக்கும். அதன் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, பிறகுதான் சேற்றில் விழும். ஆற்றோரம் என்றால் மகாவலி இருக்கிறது. 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில்தான் கடலில் கலக்கிறது. ஒன்றுமே இல்லாவிட்டால் மதில் இருக்கும். மதிலில் எறும்பு இருக்கும். ஒரு மணித்தியாலம் கொடுங்கள், கையில் பென்சில் கொடுங்கள், இடையில் பேசாதீர்கள்.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

விலங்கியலோ தாவரவியலோ படித்தால் நல்லது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தையும் தெரிந்திருக்க வேண்டும். ஆமை முட்டையைக் கையில் எடுத்து வரும் பெரியவரிடம் அது குற்றம் என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டிவரும். நீந்தத் தெரிய வேண்டும். சிங்களம் பேசத் தெரிந்தால் பாதி வேலை இலகு, ஏனென்றால் தீவுக்கு எல்லா ஊர்ப் பிள்ளைகளும் வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே கேள்வியை நூறாவது பிள்ளை கேட்கும்போதும் முதல்முறை கேட்பது போலக் கேட்க முடிய வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அது முதல்முறைதானே.

புத்தகத்தால் வருமானம் கிடைக்கிறதா?

மிகக் குறைவு. முதல் புத்தகத்தை 500 பிரதிகள் சொந்தச் செலவில் அச்சிட்டேன்; விற்று முடிக்க இரண்டு வருடம் ஆனது. நான்கு வண்ண அச்சு விலை கூடியது. பக்கங்களை எட்டின் மடங்கில் வைத்தால் தாள் வீணாகாது. சர்வதேச நூல் எண்ணுக்கு (ISBN) தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பிக்க வேண்டும். விலையைக் கூட்ட எனக்கு மனமில்லை. கரைவலை இழுக்கும் வீட்டுப் பிள்ளையும் வாங்க வேண்டும்.

அடுத்த புத்தகம் எதைப் பற்றி?

ஆறுமணிக் குருவி. விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் ஆறு மணியளவில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றின் அடியில் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. இவ்வளவு நிறத்தோடு இருந்தும் கண்ணில் படாது. சருகுக்குள் குதித்துக் குதித்துப் புழு தேடும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவிரவாகப் பறந்து ஐப்பசியில் எங்களிடம் வருகிறது. வந்த களைப்பில் சில வேளை வீட்டு விறாந்தைக்குள்ளேயே விழுந்துவிடும்.

இந்த முறை தனியாக எழுதப் போவதில்லை. நிலாவெளி, உப்புவெளி, கன்னியா ஆகிய இடங்களில் உள்ள பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கொப்பி கொடுத்திருக்கிறேன். குருவியின் குரலை முதலில் கேட்ட நாள், நேரம், எந்த மரத்தின் பக்கம் என்பதை அவர்கள் எழுதி வைக்க வேண்டும். ஒரு சிறுவன் ஆவணியிலேயே தன் கொப்பியைக் கொண்டு வந்து காட்டினான். முதல் பக்கத்தில் திகதி போட்டு, "இன்று வரவில்லை" என்று எழுதியிருந்தான். அடுத்த பதினொரு பக்கங்களிலும் அதையேதான் எழுதியிருந்தான்.